லட்சுமணதீர்த்த ஆறு: கோடை நீரின் கணக்கு
(மைசூரு உரையின் சுருக்கம்)



காவிரி என்றதும் கிருஷ்ணராஜ சாகரும் மேட்டூரும் நினைவுக்கு வருகின்றன. அவ்வணைகளுக்கு நீர் சேர்க்கும் சிற்றாறுகளைப் பற்றிய பேச்சு எழுவது அரிது. மைசூரு மாவட்டத்தின் லட்சுமணதீர்த்த ஆறு அவற்றுள் ஒன்று. குடகின் பிரம்மகிரி மலையில் தோன்றி, இருப்பு அருவியாக வீழ்ந்து, ஹுன்சூர் வழியே சென்று கிருஷ்ணராஜ சாகர் நீர்த்தேக்கத்தில் அது கலக்கிறது.

இவ்வாற்றின் நீரில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஓடிவிடுகிறது. மழை நின்றபின் ஓடுவது மண்ணிலும் ஏரிகளிலும் தங்கிய நீரின் கசிவே. காடு அழிந்தாலும், ஏரி தூர்ந்தாலும், கரையோர ஆழ்துளைக் கிணறுகள் பெருகினாலும் அக்கசிவு குறையும். ஆகவே ஆண்டுச் சராசரியைக் காட்டி ஆறு வளமாக உள்ளது என்பது உண்மையை மறைப்பதாகும். குளிப்பவரும் கால்நடை வளர்ப்பவரும் நம்பியிருப்பது சராசரியை அன்று. மார்ச், ஏப்ரல் மாத நீரை.

நொடிக்கு ஒரு கன அடி நீர் அற்பமெனத் தோன்றும். ஒரு நாள் முழுதும் ஓடினால் அது சுமார் 24 லட்சம் லிட்டர். நபருக்கு 135 லிட்டர் வீதம் ஏறத்தாழ 18,000 பேரின் ஒருநாள் தேவை. ஹனகோடு அணைக்கட்டிலிருந்து கால்வாய்கள் வழியே வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பாய்வது இவ்வாற்று நீரே. ஹுன்சூர் நகரின் கழிவுநீரைச் சுமப்பதும் இவ்வாறே. ஓட்டம் குன்றும்போது கழிவின் அளவு குன்றுவதில்லை. அதைக் கரைக்கும் நீர்தான் குன்றுகிறது. குழாய்நீர் வாங்க வசதியற்ற ஏழைகளே முதலில் நோயுறுகின்றனர்.

2007இல் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. நீரைப் பகிர்ந்தபோது சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குரிய அளவை 177.25 டி.எம்.சி. என நிர்ணயித்தது. ஆனால் ஏப்ரலில் ஹுன்சூர்ப் பாலத்தடியில் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதை இம்மொத்தக் கணக்குகள் கூறுவதில்லை.

வறட்சி ஆண்டில் கன்னட உழவரையும் தமிழ் உழவரையும் மோதவிட்டு இனவெறி அரசியல் ஆதாயம் தேடுகிறது. வயல் தரிசானால் கூலி இழக்கும் விவசாயத் தொழிலாளியின் துயரம் மண்டியாவிலும் தஞ்சையிலும் ஒன்றே. மேலே சிற்றாறு வற்றினால் கீழே இரு அணைகளும் வாடும்.

எனவே, கே.எம். வாடியில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீரோட்ட விவரங்கள் கன்னடத்தில் ஊராட்சிதோறும் எழுதி வைக்கப்பட வேண்டும். சுத்திகரிக்காத கழிவு ஆற்றில் விழுவது நிறுத்தப்பட வேண்டும். வேலை உறுதித் திட்டத்தில் ஏரிகள் தூர்வாரப்பட வேண்டும். கோடைக்கான குறைந்தபட்ச ஓட்டம் சட்டப்படி வரையறுக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை விவசாயிகளும் தொழிலாளரும் நகர மக்களும் இணைந்தே வென்றெடுக்க முடியும்.