மூக்கும் நாவும்

மணத்தைக் கொண்டே ஒரு பொருளின் சுவையைத் தீர்மானித்துவிடுவது மனித இயல்பு. அத்தீர்மானம் தவறக்கூடும் என்பதற்குப் பிரான்சு நாட்டு வெண்மதுவொன்று நல்ல சான்றாகும்.

பிரான்சின் கீழ்த்திசை எல்லையில், வோஜ் மலைத்தொடருக்கும் றைன் நதிக்கும் இடையே அமைந்தது அல்சாஸ் பிரதேசம். மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களை மலை தடுத்துவிடுவதால் அங்கு மழை குறைவு. திராட்சை நன்கு முற்றும். 1871ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை பிரான்சுக்கும் ஜேர்மனிக்குமிடையே நான்கு முறை கைமாறிய நிலம் அது. இம்மது பிரெஞ்சு மதுவே. பெயரோ ஜேர்மன் மொழிக்குரியது. கெவூர்ஸ்திராமினர் என்பர். 'கெவூர்ஸ்' என்பது வாசனைச் சரக்கைக் குறிக்கும். திராமின் என்பது இத்தாலியின் வடபகுதியிலுள்ள ஓர் ஊர்.

இதன் கனி இளஞ்சிவப்பு, மது பொன்னிறம். சோதிப்பவர் முதலிற் கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைத் தாளின்மேற் சாய்த்து நிறங் காண்பார். பின்னர் மெல்லச் சுழற்றி முகர்வார். ரோசாவும் லீச்சிப் பழமும் கலந்தாற்போன்ற மணம் எழும். இது வெறுங் கற்பனையன்று. 'சிஸ் ரோஸ் ஒட்சைட்டு' என்னும் சேர்வை அப்பழத்திலும் இம்மதுவிலும் மணத்துக்கு முக்கிய காரணமாயிருப்பதை 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

அம்மணம் இனிப்பை முன்னறிவிக்கிறது. ஆனால் பருகினால், சில போத்தல்களில் இனிப்பே இராது. பழத்தின் சீனி நொதித்து மதுசாரமாக மாறியிருக்கும். வேறு சிலவோ தேனென இனிக்கும். வாங்குவோர் தடுமாறாதிருத்தற்பொருட்டு, 2021ஆம் ஆண்டு அறுவடை முதல் அல்சாஸ் மதுவின் இனிப்பு எத்தரத்தது என்பதைப் போத்தலின்மேற் குறிப்பிடுதல் கட்டாயமாயிற்று.

எனினும், மதிப்பிடுவோர் நாவினால் தேடவேண்டியது இனிப்பையன்று, புளிப்பையே. இத்திராட்சை முற்ற முற்ற மணமும் இனிப்பும் பெருகும். புளிப்போ விரைந்து குறையும். முந்திப் பறித்தால் மணம் வாய்க்காது. பிந்திப் பறித்தால் மது கனத்துச் சுவை தளர்ந்துவிடும். ஓராண்டு உழைப்பின் பலன் முழுவதும் பறிக்கும் நாளைத் தெரிவதில் அடங்கியுள்ளது.

தேர்ந்த சோதனையாளர் மதுவை விழுங்காது உமிழ்ந்துவிட்டு, வாயில் எஞ்சுவதைக் கவனிப்பர். மணம் மாத்திரம் எஞ்சி, நா சோர்ந்திருப்பின் அம்மதுவிற் குறையுண்டு. மணத்தோடு புளிப்பும் நின்று நாவை விழிக்கச் செய்யுமாயின், தோட்டக்காரன் தெரிந்த நாள் சரியான நாளேயாகும்.