மரத்தடியில் சேரும் உப்பு



மழையாலும் ஊற்றாலும் விளைந்தவற்றில் பத்தில் ஒரு பங்கு, நீர் இறைத்து விளைவித்தவற்றில் இருபதில் ஒரு பங்கு என்று விளைச்சலுக்குரிய ஜகாத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்தார்கள். இறைப்பவரின் சிரமத்தை மார்க்கம் கணக்கில் கொண்டது. ஆனால், சிரமப்பட்டு இறைத்த அந்த நீரே மரத்திற்குக் கேடாக முடிவதும் உண்டு.

சவூதி அரேபியாவின் கிழக்கே உள்ள அல்அஹ்ஸா சோலையைப் பாருங்கள். சுமார் 25 லட்சம் பேரீச்ச மரங்கள் கொண்ட அதனை 2018ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒரு காலத்தில் ஊற்றுகள் தாமே பொங்கி வாய்க்கால்களில் ஓடின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகவே நீர்மட்டம் தாழ்ந்து ஊற்றுகள் ஓய்ந்தன. மதீனாவின் மஹ்ஸூர் ஓடை நீரை, மேல்மடைக்காரர் கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டு கீழ்மடைக்கு விட்டுவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கோ மேல்மடையும் இல்லை, கீழ்மடையும் இல்லை. ஆழமாகத் துளைத்தவருக்கே நீர்!

வறண்ட நாட்டின் நிலத்தடி நீரில் உப்பு கரைந்திருக்கும். லிட்டருக்கு 1 கிராம் என்றே வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மரத்திற்கு நாள்தோறும் 100 லிட்டர் பாய்ச்சினால், ஓராண்டில் 36.5 கிலோ உப்பு அதன் காலடியில் வந்து சேரும். நீரை மரமும் வெயிலும் குடித்துவிடும்; உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அது மிகுந்துவிட்டால், மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலையின் ஓரம் கருகும். உப்பைத் தாங்குவதில் பேரீச்சைக்கு நிகரான பழமரங்கள் மிகக் குறைவு. மாவும் எலுமிச்சையும் விரைவில் வாடிவிடும்.

இலை கருகக் கண்டவர், மரத்திற்குச் சத்துக் குறைவு என்றெண்ணி உரமூட்டையை அவிழ்க்கிறார். பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் ஆகியவையும் உப்புகளே என்பதை அவர் அறிவதில்லை. தாகத்தில் தவிப்பவனுக்குக் கருவாடு கொடுத்த கதைதான் இது! தழைச்சத்து மிகுந்தாலும் இலை தழைக்குமே தவிர, காய் குறையும்.

ஆகவே, கிணற்று நீரையும் மண்ணையும் முதலில் பரிசோதித்துப் பாருங்கள். உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், பல தவணைகளாக இடுங்கள். அன்றாடம் மேலாகத் தெளிக்கும் நீர் உப்பை மேல்மண்ணிலேயே விட்டுவைக்கும். அவ்வப்போதேனும் வேரைத் தாண்டி இறங்குமளவு பாய்ச்ச வேண்டும். அப்படி இறங்கும் நீருக்கு வடிகாலும் வேண்டும்; இல்லையேல் அது அடியில் தேங்கி, உப்போடு மேலேறி வரும். அல்அஹ்ஸாவில் 1971ல் நிறைவேறிய பாசனத் திட்டத்தில் வாய்க்கால்களுடன் வடிகால்களையும் சேர்த்தே அமைத்தார்கள்.

மின்கட்டணத்தைக் கழித்துவிட்டு ஜகாத் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இறைக்கும் செலவைத் தனியே கழிப்பதற்கில்லை என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. அச்செலவுக்காகத்தான் பங்கே பாதியாக்கப்பட்டது.