தலாக் ஆனாலும் கையெழுத்து நிற்கும்

(மகளிர் நல அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஒரு குடும்பம் பிரியும்போது ஜமாஅத்தில் மஹர், நகை, பிள்ளைகள் பற்றியெல்லாம் பேசுகிறோம். கடனைப் பேச மறந்துவிடுகிறோம். வசூலுக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

நம் திருப்பூரில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கணவர் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார். ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு, முத்ரா கடன் எல்லாம் மனைவி பெயரில். மனைவி கையெழுத்துப் போட்ட செக்குகள் கணவர் கையில். பிரிந்த பிறகு மெஷின் அவரிடம், கடன் இவரிடம்.

தலாக்கோ குலாவோ திருமண பந்தத்தை முடிக்கும். வங்கியில் போட்ட கையெழுத்தை முடிக்காது. கூட்டுக் கடனில் முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம். ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பே உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. அதேநேரம், உங்கள் கையெழுத்தே இல்லாமல் கணவர் தனியாக வாங்கிய கடனை, மனைவி என்பதற்காக மட்டும் உங்களிடம் கேட்க முடியாது.

ஆகவே முதலில் சிபில் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயரில் என்னென்ன கடன் என்பது அதில் தெரியும். தவறு இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு கடனையும் யார் கட்டுவது என்று பிரிவு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. ஆனால் அந்த ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் இடையில்தான்; வங்கியைக் கட்டுப்படுத்தாது. உங்கள் பெயரை நீக்க வங்கி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால், மெஷினை விற்றாவது கடனை முடித்துவிடுவது நல்லது.

மூன்றாவது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்குகளைத் திரும்ப வாங்குங்கள். வங்கிக் கணக்கில் உள்ள மொபைல் எண் கணவருடையது என்றால் மாற்றுங்கள். உங்கள் பெயரில் உள்ள ஜிஎஸ்டி பதிவில் அவர் தொழில் தொடர விடாதீர்கள்.

நான்காவது, தவணை நிற்கக் கூடாது. வங்கிக் கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையானால் வாராக் கடன் ஆகிவிடும். இத்தாவும் ஏறத்தாழ மூன்று மாதம். நீங்கள் வீட்டுக்குள் இருக்கும் அந்த நாட்களிலேயே உங்கள் பெயர் கெட்டுவிடலாம். அந்த மூன்று தவணைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, குறைத்துக் கட்டி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும்; அது நல்ல பெயர் அல்ல. முடிந்தவரை முழுவதும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி வையுங்கள்.

"வட்டிக் கடனே கூடாது, பிறகு எதற்கு இந்த சிபில்?" என்று சிலர் கேட்கலாம். கூடாது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர் அதிலிருந்து சுத்தமாக வெளியே வர வேண்டுமே!

சகோதரர்களே, கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். கூட்டுக் கடன் என்றால் உங்கள் பெயரும் கெடும். அவர் பெயரில் வாங்கி நீங்கள் அனுபவித்த கடன் என்றால் அது உங்கள் மீதுள்ள அமானிதம். மனைவியைப் பிரியலாம், மறுமையில் கடனைப் பிரிய முடியாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பிரிவுக் கடிதம் எழுதும்போது கடன் பட்டியலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.