வாயிலில் வந்து நின்ற உயிர்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

கொல்லாமையின் பெருமையை இந்த அவையில் எடுத்துரைக்க வேண்டிய தேவையில்லை. அது நாம் தாய்ப்பாலோடு பருகியது. இன்று நான் பேச வந்தது ஒரு சிறிய வினாவைப் பற்றி. தெருவில் அலையும் நாய் ஒன்றை ஒரு சமணக் குடும்பம் தன் இல்லத்தில் சேர்க்கலாமா? சேர்த்தால், எந்த முறையில் அதைக் காப்பது?

இந்த வினா எங்கள் வீட்டு வாயிலுக்கே வந்தது. என் மகன் தூத்துக்குடித் துறைமுகத்தில் பணியாற்றுகிறான். நானும் என் துணைவியாரும் அவனோடு வாழ்கிறோம். மீன்பிடித் துறைமுகத்தருகே மீன்கழிவு தின்று வளர்ந்த நாய் ஒன்று, சாலையில் ஏதோ ஒரு வண்டி மோதிப் பின்னங்கால் ஒடிந்து கிடந்தது. பள்ளியிலிருந்து திரும்பிய என் பேத்தி அதைக் கண்டு, தந்தையை வற்புறுத்தி வீட்டிற்குக் கொண்டுவரச் செய்தாள். என் துணைவியார் வாயிலிலேயே தடுத்தார். “நாள்தோறும் பூசை நடக்கும் வீடு. ஊன் தின்று பழகிய வாய் இது. நாளை எலியையும் அணிலையும் பிடித்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?” என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. பல ஆண்டுகள் வகுப்பறையில் சீவகன் கதையை நடத்திய நான், விடை கூற இயலாமல் நின்றேன்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை நீங்கள் அறிவீர்கள். அந்தணர்க்கென வைத்த உணவில் வாய்வைத்த குற்றத்திற்காக அது அடியுண்டு உயிர்விடும் நிலையில் கிடக்கிறது. உயிரைக் காக்க இயலாத நிலையில், சீவகன் அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர்ச் சீவகனைக் கட்டியங்காரனிடமிருந்து மீட்கிறது. கைம்மாறு கிடைக்கும் என்று சீவகன் மந்திரம் ஓதவில்லை. சாகும் தருவாயில் கிடக்கும் நாயிடம் எவரும் எதனையும் எதிர்பார்க்க இயலாது. அந்த நாயின் வாய் தூயதா என்றும் அவன் ஆராயவில்லை.

நாங்கள் வாழும் கரையோ, பயன் கருதியே உயிரை மதித்த கரை. கொற்கைக் காலந்தொட்டு மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்தது. எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, கழுவி முத்தைத் தேடுவர். சில முத்துகளுக்காக எண்ணற்ற சிப்பிகள் மடிந்தன. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் ‘எனக்கு என்ன தரும்?’ என்று கேட்டு உயிரை மதிப்பிடும் பழக்கம் நம்மிடையே நிற்கவில்லை. பெரும்பொருள் கொடுத்து அயல்நாட்டு நாய்களை வாங்குவோர் பலர். தெருநாய்க்கு விலை இல்லை. ஆதலால் அதை ஏற்பதில் பெருமிதத்திற்கும் இடமில்லை. உயிரை உயிர் என்பதற்காகவே ஏற்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

இனி, காக்கும் முறை. கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் வகுத்தனர்: கட்டிவைத்தல், அடித்து வருத்துதல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். நாய் வளர்ப்போர்க்கு இதைவிடச் சிறந்த கையேடு கிடைக்காது. நாள் முழுதும் சங்கிலியில் பிணைப்பது முதற்குற்றம். குரைத்தது என்று அடிப்பது இரண்டாவது. அழகுக்காக வாலையும் காதையும் வெட்டுவது மூன்றாவது. வெயிலிலும் மழையிலும் காவல் என்னும் சுமையை மட்டும் அதன்மீது ஏற்றுவது நான்காவது. குடும்பமே ஊருக்குச் சென்றபின் நீரின்றி விடுவது ஐந்தாவது.

கருத்தடை அறுவையும் உறுப்பறுத்தல்தானே என்று பெரியோர் சிலர் தயங்குவர். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கையில், விழிப்பற்ற, வேட்கை வயப்பட்ட மனநிலையையே அதன் வேராகக் காட்டுகிறது. மயக்க மருந்து கொடுத்து, மருத்துவர் செய்யும் அறுவை ஒரு நாளில் முடிகிறது. ஆண்டுதோறும் ஈன்ற குட்டிகள் வண்டிச் சக்கரங்களில் மடிவது முடிவதில்லை. நான் அறுவையின் பக்கமே நிற்கிறேன்.

உணவைப் பற்றியும் கூற வேண்டும். நாய் பூனையைப் போல முற்றிலும் ஊனுண்ணி அன்று. மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து மாவுப்பொருளைச் செரிக்கும் திறனைப் பெற்றது. எனினும் வெறும் தயிர்ச்சோறு போதாது. போதிய புரதம் வேண்டும். கால்நடை மருத்துவரைக் கேட்டு மரக்கறி உணவை அமைக்கலாம். நோன்பு நோற்கும் இல்லங்களில் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாயசத்தில் இடும் உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்பினால்கூட இவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

அச்சத்தையும் மறைக்க வேண்டா. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. ஆகவே நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி தவறக்கூடாது. கடித்தாலும் கீறினாலும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் குறித்து இட்ட ஆணையில், விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது அவர் பொறுப்பு என்றும் கூறியது. இரண்டாம் பகுதியை நாம் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். தெருவில் ஒருபிடி சோறு வைத்துவிட்டு நகர்வது எளிது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் உயிருக்குப் பொறுப்பேற்பது நோன்பு. அதற்கு ஆற்றல் இல்லாதவர் தொடங்காமல் இருப்பதும் அறமே.

எங்கள் வீட்டு நாய் முதல் இரண்டு நாள் உணவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பருப்புச் சோறு உண்டது. பூசையறைப் பக்கம் அது செல்வதில்லை; வீட்டின் பின்புறத்தில் அதற்கு இடம் உண்டு. ஒருமுறை அணிலைத் துரத்தியது. அன்றுமுதல் அணில்கள் வரும் வேளையில் அதைத் தோட்டத்தில் விடுவதில்லை. துணைவியார் எழுப்பிய வினா முற்றும் தீர்ந்துவிட்டது என்று நான் கூறமாட்டேன். அது எங்களை விழிப்போடு இருக்கச் செய்கிறது. அந்தக் கால் இன்றும் சற்றே நொண்டுகிறது. பொழுது சாயுமுன் நாங்கள் உண்ண அமரும்போது, “முதலில் அதற்கு வைத்துவிட்டு வாருங்கள்” என்று என் துணைவியார்தாம் இப்போது நினைவூட்டுகிறார்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!