மூன்று தலைமுறையும் ஒரு காவல் நிலையமும்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்திருக்கிறது. காரணம்தான் வேறு வேறு.

தாத்தா கமுதிப் பக்கம். அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. பிறந்த சாதியே குற்றம். 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டத்தை 1911இல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தார்கள். கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1947இல் இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனாலும் தாத்தா கடைசி வரைக்கும் காக்கிச் சட்டையைக் கண்டால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்.

அப்பா சிவகாசிக்கு வந்து பட்டாசு வேலை பார்த்தார். அவருக்குப் போலீஸ் என்றால் வெடி விபத்து. கூட வேலை பார்த்தவர் ஒரு விபத்தில் இறந்தபோது, "ஸ்டேஷன் வேண்டாம், நமக்கெதுக்கு வம்பு" என்று அந்த அம்மாள் சொன்னார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இல்லாமல் நஷ்டஈடு வருஷக்கணக்காக இழுத்தது. சாதியால் வந்த பயம், சாதி சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து கையைக் கட்டிப்போட்டது. அதைப் பார்த்துத்தான் நான் சட்டம் படிக்கப் போனேன்.

என் மகன் கதை வேறு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது. அந்தத் தீபாவளிக்கு நேரம் தவறி வெடித்து மாட்டிக்கொண்டான். தாத்தா செய்த சரக்கு, பேரனுக்கு வழக்கு! அவன் பயப்படவில்லை. "காரணம் சொல்லுங்க சார், வீட்டுக்குத் தகவல் சொல்லுங்க சார்" என்று கேட்டானாம். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி; அதைத்தான் கேட்டிருக்கிறான்.

பயமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் காவலில் இருந்த தந்தையும் மகனும் மாண்டதை மறக்க முடியுமா? அதனால்தான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, புகார் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

தம்பி தங்கைகளே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் வெடி விபத்து நடந்தால், துக்க வீட்டில் உட்கார்ந்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். அந்த வீட்டாரோடு ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போங்கள். அன்றைக்கு எங்கள் அப்பா போகவில்லை.