நமுனுகுலவிலிருந்து புதுருவகல வரை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டையொட்டி எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர் ஒரு வேன் பிடித்துப் பயணம் போனோம். அதைப் பற்றிச் சொல்லும்படி சங்கம் கேட்டது.

நமுனுகுல மலையைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். ஒன்பது சிகரங்கள் என்பது அந்தச் சிங்களப் பெயரின் பொருள். 2000 மீற்றருக்கு மேல் உயரம். எங்களில் பலருக்கு அது அம்மா கொழுந்து எடுத்த மலை.

முதலில் பண்டாரவளைப் பாதையில் தோவ விகாரையில் இறங்கினோம். பாறையில் ஏறத்தாழ 38 அடி உயரச் சிலை, செதுக்கி முடிக்கப்படாமல் நிற்கிறது. பிறகு எல்ல, இராவணன் நீர்வீழ்ச்சி, வெல்லவாய. குளிர் போய் வெயில் சுட்டது. திஸ்ஸமகாராம வீதியில் சற்றுத் தூரம் சென்று திரும்பினால் புதுருவகல.

ஒரே பாறையில் ஏழு உருவங்கள். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மகாயான பௌத்தச் சிற்பங்கள் என்கிறார்கள். நடுவில் நிற்கும் புத்தர் ஏறத்தாழ 51 அடி. ஒரு பக்கம் அவலோகிதேஸ்வரர். அவர்மேல் பூசிய வெள்ளைச் சுதை இன்னும் ஒட்டியிருக்கிறது. மறுபக்கம் வஜ்ரத்தை ஏந்திய வஜ்ரபாணி. பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அல்லவா, எங்கள் கண் அவலோகிதேஸ்வரருக்குப் பக்கத்தில் இடை ஒசிந்து நிற்கும் தாராவிடம்தான் முதலில் போனது.

"இது அவங்க இடம்தானே, நமக்கென்னடி?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. அந்த எண்ணம் பேத்திமாரிடமும் தங்கிவிட்டது.

ஆனால் தமிழ் படித்தவள் ஒருத்தி பதில் வைத்திருந்தாள். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகச் சொல்கிறது. மணிமேகலையும் பௌத்தக் காப்பியம்தான். அதைக் கேட்டபின் எல்லோரும் இன்னொரு முறை பாறைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தோம்.

துன்பப்படுவோரைக் கருணையோடு நோக்குபவர் அவலோகிதர் என்பார்கள். வைத்தியர்களான எங்களுக்கு அது நன்றாக விளங்கும். வலியைத் தன் மொழியில் சொல்ல முடியாமல் வரிசையில் நிற்கும் தோட்டத்து அம்மாமாரை நாங்கள் தினமும் பார்க்கிறோம். தங்கள் ஊரிலேயே விருந்தாளிகள்போல் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களுடைய மகள்மாரும் அப்படி நிற்கக் கூடாது.

ஆகவே எங்கள் வகுப்பு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறது. வருடம்தோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் தோவவுக்கும் புதுருவகலவுக்கும் அழைத்துப் போவோம். வேன் காசு இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது. முதல் இரண்டு வருடச் செலவை நாங்கள் ஏற்கிறோம். போகும் முன் படிக்கத் தமிழில் ஒரு சிறு கையேடும் எழுதித் தருகிறோம். மூன்றாம் வருடத்தை எந்த வகுப்பு ஏற்கும்? கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் அக்காமாரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.