மலைக்காட்டில் குதிரைகளோடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பயணம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, காசியைப் பற்றியோ தாஜ்மகாலைப் பற்றியோ பேசலாம் என்றே முதலில் எண்ணினோம். தில்லியில் வாழும் நம் காலனியில் அவ்விரண்டையும் காணாதவர் எவருமிலர். ஊரிலிருந்து வரும் உறவினர் ஒவ்வொருவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கண்டு சலித்தவர்களே பலர். ஆகவே, குதிரைகளை உடன்கொண்டு இமயமலைக் காட்டில் கூடாரமிட்டுத் தங்கிய நான்கு நாட்களைப் பற்றிப் பேசத் துணிந்தோம். இதில் நாங்கள் பெருமைப்படுவதற்குரியது சிறிதளவே உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

2017ஆம் ஆண்டு மே மாத இறுதியில், நம் காலனியைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார், குழந்தைகள் உட்படப் பதினான்கு பேர், கத்கோடாம் வரை புகைவண்டியில் சென்றோம். அங்கிருந்து அல்மோரா, குவால்தம் வழியாக ஜீப்பில் ஏறிச் சமோலி மாவட்டத்திலுள்ள வாண் என்னும் சிற்றூரை அடைந்தோம். மோட்டார்ச் சாலை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காலும் குளம்புமே துணை. பேதனி புக்யால் என்னும் மலைப் புல்வெளிக்குச் செல்வதே எங்கள் நோக்கம். ‘புக்யால்’ என்று கட்வால் மக்கள் கூறுவது, மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, பனி உருகியபின் பசும்பட்டு விரித்தாற்போல் தோன்றும் புல்வெளியை. கடல் மட்டத்திற்குப் பதினோராயிரம் அடி உயரத்தில் உள்ள அந்த வெளியில் நின்றால் திரிசூல் சிகரமும் நந்தாகுண்டியும் கண்முன் நிற்கும். அக்காட்சியை வருணிக்க எங்களுக்கு ஆற்றலில்லை. நாங்கள் பேச வந்ததும் அதைப் பற்றியன்று.

எங்கள் மூட்டைகளைச் சுமக்க மூன்று மட்டக் குதிரைகளும் இரண்டு கோவேறு கழுதைகளும் அமர்த்தப்பட்டன. அவற்றுக்கு உரியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலைவாசி. உடன் அவருடைய தம்பி. மட்டக் குதிரைகளுள் ஒன்று சாம்பல் நிறமுடையது. பெயர் பிஜ்லி, அதாவது மின்னல். பெயருக்கும் நடைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குழந்தைகள் எல்லாரும் அதன்மேல்தான் உயிராக இருந்தனர்.

நாங்கள் கொண்டு சென்ற மூட்டைகளைப் பற்றி என் சொல்ல! தமிழன் எங்குச் சென்றாலும் தன் அடுக்களையையும் தூக்கிக்கொண்டே செல்வான். அரிசி, பருப்பு, இட்லிக் கொப்பரை, பெரிய பித்தளைப் பானை, ஊறுகாய்ச் சாடி, இவற்றோடு ஒரு மடக்கு நாற்காலியும் இருந்தது. மூட்டைகளை எடுத்துப் பார்த்த குதிரைக்காரர் ஒரு கணம் தயங்கினார். “கொஞ்சம் கனம்தான், பாபுஜி” என்றார். “எல்லாம் சாப்பிடும் பொருள்தானே, நாளுக்கு நாள் குறைந்துவிடும், பையா” என்று நாங்கள் சமாதானம் கூறினோம். அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. பேசினால் கூலி போய்விடுமோ என்று அவர் அஞ்சியிருக்கக்கூடும் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் ஓக் மரக்காட்டின் நடுவே தங்கினோம். வழியெங்கும் ‘புரான்ஸ்’ மரங்கள் நின்றன. வசந்தத்தில் மலை முழுவதையும் செந்நிறமாக்கும் மரம் அதுவே. குழந்தை ஒன்று அதன் தழையை ஒடித்துப் பிஜ்லிக்கு நீட்டியபோது, குதிரைக்காரர் பாய்ந்து வந்து பறித்தெறிந்தார். அத்தழை குதிரைக்கு நஞ்சு என்றார். அதே காடுகளில் வளரும் ‘துனேர்’ என்னும் மரம் அதனினும் கொடியது. அதன் இலையில் சிறிதளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். அன்றே நாங்கள் ஒரு பாடம் கற்றிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை புல்வெளியை அடைந்து கூடாரமடித்தோம். குளிருக்கு இதமாக வெண்பொங்கல் வைத்தனர் எங்கள் தாய்மார்கள். நெய்யும் மிளகும் மணக்க, பதினான்கு பேருக்கும் தாராளமாக. ஆனால் அவ்வளவு உயரம் ஏறியவர்க்குப் பசி மந்தித்துவிடும் என்பதை யார் அறிந்தார்? பானையில் முக்கால் பங்கு மிஞ்சிவிட்டது. அன்னத்தை எறிவது பாவமன்றோ? பகலெல்லாம் நமக்காகச் சுமந்த வாயில்லா ஜீவன் வெளியே குளிரில் நிற்கிறதே என்ற இரக்கமும் சேர்ந்துகொண்டது. ஒருவர் ஒரு தட்டு நிறையப் பொங்கலைப் பிஜ்லியின் முன் வைத்தார். சற்று நேரம் கழித்து வேறொருவர் ஒரு தட்டு வைத்தார். குழந்தைகள் தங்கள் பங்கையும் கொண்டு போயினர். ஒருவர் கொடுத்தது மற்றவர்க்குத் தெரியாது. பிஜ்லி எதையும் மறுக்கவில்லை.

இரவு பத்து மணியளவில் கூடாரத்திற்கு வெளியே தரையைப் பிறாண்டும் ஓசை கேட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பிஜ்லி முன்னங்காலால் நிலத்தைத் தோண்டிற்று. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. அத்தனை குளிரிலும் அதன் கழுத்தில் வியர்வை வழிந்தது. பிறகு கீழே விழுந்து புரளத் தொடங்கிற்று. ஓடிவந்த குதிரைக்காரர் எங்களைப் பார்த்து, “எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. அது பானையைக் கண்டவுடன் அவருக்கு விளங்கிவிட்டது.

குதிரையின் வயிற்றைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். உருவத்தை நோக்க அதன் இரைப்பை மிகச் சிறியது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த உடல் அது. மாவுப்பொருள் ஒரேயடியாக மிகுதியாக உள்ளே சென்றால், செரியாமல் பெருங்குடலை அடைந்து, அங்கே புளித்துப் பொங்கி வாயுவாகி வயிற்றை உப்ப வைக்கிறது. மனிதனோ நாயோ ஆனால் உண்டதைக் கக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. இந்தச் சூலை நோயால் குதிரைகள் மாள்வது உலகெங்கும் வழக்கமான செய்தி.

கால்நடை மருத்துவர் இருக்குமிடமோ ஒரு நாள் நடைக்கு அப்பால். குதிரைக்காரரும் அவர் தம்பியும் மாறி மாறி, அதைப் புரளவிடாமல் கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தினர். இடையிடையே நிறுத்தி, வயிற்றில் காதை வைத்துக் குடல் ஓசை கேட்கிறதா என்று பார்த்தனர். நாங்களும் விளக்கேந்தி உடன் நடந்தோம். கூடாரத்தில் உறங்கியவர் எவருமிலர். அந்தக் குதிரையைக் கடன் வாங்கி வாங்கியதாகவும், இன்னும் இரண்டு ஆண்டுத் தவணை மீதியிருப்பதாகவும் தம்பி எங்களிடம் கூறினார். அண்ணன் அதைச் சொல்லவில்லை.

விடியற்காலை நாலரை மணிக்குப் பிஜ்லி இலத்தி போட்டது. அந்தக் காட்சியைக் கண்டு படித்த பெருமக்கள் பத்துப் பேர் கைதட்டினோம் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். குதிரைக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நம் முன்னோரும் இதே பிழையைச் செய்தவர்களே. கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கிய சிறப்பைப் பட்டினப்பாலை பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், பேணும் முறை அறியாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்து அவற்றுக்கு ஊட்டினராம்! வெளிநாட்டார் எழுதியவற்றில் மிகை இருக்கலாம். பேதனியில் அவ்விரவைக் கழித்த எங்களுக்கு அதில் ஐயம் கொள்ளத் துணிவில்லை.

நான்காம் நாள் வாணுக்கு இறங்கிச் சேணத்தைக் கழற்றியபோது, பிஜ்லியின் முதுகில் உள்ளங்கை அகலத்திற்குத் தோல் உரிந்திருந்தது. தில்லி திரும்பியதும் எங்களுள் கணக்குத்துறையில் பணிபுரியும் அன்பர் ஒருவர், அதன்மேல் ஏற்றிய பொருள்களின் எடையை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினார். 92 கிலோ வந்தது.

அதன் பின்னரே சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1965ஆம் ஆண்டின் பொதி விலங்கு விதிகளின்படி மட்டக் குதிரையின்மேல் 70 கிலோவுக்கு மிகாமலும், கோவேறு கழுதையின்மேல் 200 கிலோவுக்கு மிகாமலும் ஏற்றவேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. கோவேறு கழுதைகள் இரண்டும் கனமின்றி நடக்க, சிறிய பிஜ்லியின்மேல் நாங்கள் பானையை ஏற்றியிருந்தோம்! இவ்விதிகளுக்கு அடிப்படையான 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறக்கக் காரணமாயிருந்தவர், மதுரையில் பிறந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்து. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆண்டுதோறும் இம்மேடையில் பரதநாட்டியம் நடைபெறும்போது அவர் பெயரைச் சொல்கிறோம். அவர் செய்த இந்தப் பணியை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

விலங்கின் துன்பம் ஒருபுறம் இருக்கட்டும். நிலத்தின் துன்பமும் ஒன்றுண்டு. குதிரை கட்டப்பட்ட மரத்தடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஓரிரவில் வேர் தெரியக் குளம்பு தோண்டிவிடும். கயிறு உராய்ந்து பட்டை உரிந்துவிடும். அந்த உயரத்தில் புல் வளர்வது ஆண்டில் சில மாதங்களே. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடைசெய்தது. செல்வோர் தொகையையும் இருநூறுக்குள் வரையறுத்தது. அதனால் குதிரைக்காரர் பலரின் வருவாய் குறைந்தது என்பதும் உண்மை. தவறு செய்தவர்கள் எங்களைப் போன்றவர்கள், இழப்பு மலைவாசிகளுக்கு. இது எங்களை இன்றும் உறுத்துகிறது.

பிற நாட்டார் இதனை எவ்வாறு சமாளிக்கின்றனர் என்று, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரியும் நம் காலனி மைந்தர் ஒருவரைக் கேட்டோம். அங்கே மாநிலக் காடுகளிலும் பூங்காக்களிலும் குதிரையோடு வருவோர்க்கென்றே தனி முகாம்கள் உள்ளன. மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து ஹ்யூரான் ஏரிக்கரை வரை இருநூறு மைலுக்கு மேற்பட்ட குதிரைப் பாதை ஒன்று மாநிலத்தையே குறுக்காகக் கடக்கிறது. ஏறக்குறைய ஒரு நாள் சவாரித் தொலைவிற்கு ஒரு முகாம். குதிரையை மரத்தில் நேரே கட்டுவதில்லை. இரண்டு மரங்களுக்கு அகன்ற பட்டைகளைச் சுற்றி, தலைக்கு மேலே ஒரு கயிறு இழுத்து, அதிலிருந்து குதிரையைக் கட்டுகின்றனர்; பட்டை உரிவதில்லை. ஓடையிலிருந்து சுமார் இருநூறு அடி தள்ளியே நிறுத்துகின்றனர். இரத்தச் சோதனைச் சான்றில்லாத குதிரைக்குப் பல முகாம்களில் இடமில்லை. ஏனெனில் குதிரை ஈ கடித்துப் பரவும் தொற்று நோய் ஒன்றுண்டு. மேற்கு மாநிலங்களின் காடுகள் பலவற்றில், களைவிதை இல்லாதது எனச் சான்று பெற்ற வைக்கோலையே கொண்டுசெல்ல வேண்டும். விதைகள் குதிரையின் வயிற்றில் சாகாமல் இலத்தியோடு வெளிவந்து முளைக்குமாதலால், புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே அந்தத் தீவனத்தைக் கொடுத்துப் பழக்குவராம். நம் மலைகளில் இவை அனைத்தும் நாளைக்கே வந்துவிடும் என்று நாங்கள் கனவு காணவில்லை. ஆனால் ஒரு கயிறும் இரண்டு பட்டைகளும் எவ்வளவு விலை பெறும்?

2019இல் மீண்டும் சென்றோம். இம்முறை புல்வெளியில் தங்காமல், கீழே ஓக் காட்டிலேயே கூடாரமடித்து, பகலில் மட்டும் மேலே ஏறி இறங்கினோம். தொங்கு தராசு ஒன்று எங்களோடு வந்தது. அதே குதிரைக்காரரே வந்தார். தராசைக் கண்டு முதலில் நகைத்தார், பிறகு ஒவ்வொரு பொதியையும் தாமே நிறுத்துப் பார்த்தார். பிஜ்லிக்கு நாங்கள் கொண்டு சென்றது கொள்ளு. அதையும் நேரே கொடுக்காமல் அவர் கையில் ஒப்படைத்தோம். புண் ஆறிய இடத்தில் அதன் முதுகில் வெண்மயிர் முளைத்திருந்தது. சேணத்தால் புண்பட்ட இடத்தில் பழைய நிறம் திரும்புவதில்லையாம்.

வரும் கோடை விடுமுறையிலும் ஒரு குழு புறப்படுகிறது. சேர விரும்பும் அன்பர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். ஆளொன்றுக்கு மூட்டை எட்டுக் கிலோ; புறப்படும் நாளன்று சங்க வாயிலில் தராசு தொங்கும். பானை ஒன்றுதான், அது சிறியது. மடக்கு நாற்காலி கொண்டுவர விரும்புவோர் அதைத் தாமே தூக்கி வரலாம்.